ஜனதா வாட்ச்சைத் திறந்தால் தெரியும் சரித்திரம்

திருமலை உண்டியலில் என்னென்ன விழும்? ரூபாய், டாலர், தங்கம்... இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கைக்கடிகாரமும் விழும். தெலுங்கில் 'நிலுவு தோபிடி' என்று ஒரு வேண்டுதல் உண்டு. அன்றைக்கு உடம்பில் போட்டிருக்கும் நகைகளை அப்படியே கழற்றி உண்டியலில் போட்டுவிடுவது. சிலர் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். இப்படிச் சேரும் வாட்ச்களைத் தேவஸ்தானம் லாட் லாட்டாக ஏலம் விடுகிறது. ஏல அறிவிப்பில் டைட்டன், சிட்டிசன், பாஸ்ட்ராக் என்று போகும் வரிசையில் எச்.எம்.டி. பெயரும் இருக்கும். புதியவை, பயன்படுத்தியவை, ஓரளவு பழுதானவை என்று வகை பிரிப்பார்கள். யார் கையில் இருந்தது என்ற கணக்கு மட்டும் கிடையாது.

அந்த எச்.எம்.டி. எங்கிருந்து வந்தது, ஏன் ஒரு தலைமுறையே அதைக் கட்டிக்கொண்டு அலைந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். நம்மில் பலர் வீட்டு பீரோவிலும் அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும்.

சித்தூர் மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிற ஊர். எங்கள் ஊர்க்காரர்கள் கையில் இருந்த கடிகாரத்தின் கதையும் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நடந்ததுதான். சுதந்திரத்துக்கு முன்னால் வாட்ச் என்றால் சுவிட்சர்லாந்துதான். பாவ்ரே லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் பி.ஆர் அண்ட் சன்ஸ் மாதிரி பெரிய கடைகளுக்குப் போய் வாங்க வேண்டும். சம்பளக்காரர்களுக்கு அது எட்டாத சமாச்சாரம்.

பிறகு காற்று மேற்கிலிருந்து வீச ஆரம்பித்தது. 1953-ல் மத்திய அரசு பெங்களூரில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸை ஆரம்பித்தது. லேத்து மாதிரியான இயந்திரங்கள் செய்வதற்காக வந்த கம்பெனி அது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டு வைத்துக்கொண்டு அதே கம்பெனி கடிகாரமும் செய்ய ஆரம்பித்தது. முதல் தொகுதியை வெளியிட்டவர் பிரதமர் நேரு. ஜனதா என்ற பெயரே யாருக்காகச் செய்தார்கள் என்பதைச் சொல்லிவிடும். பழைய டயல்களில் 'பாரா ஷாக்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சிட்டிசன் 1956-ல் கொண்டுவந்த அதிர்ச்சி தாங்கும் அமைப்பு. ஜப்பானில் ஹெலிகாப்டரிலிருந்து வாட்ச்சைக் கீழே போட்டுக் காட்டி விளம்பரம் செய்தார்களாம்!

சரி, இப்போது அதைத் திறப்போம். நான் வணிகவியல் படித்தவன், பல்சக்கரத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பழைய எச்.எம்.டி. ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்துப் பிரித்து மாட்டியிருக்கிறேன். கண்ணில் மாட்டும் லென்ஸ், சின்ன ஸ்க்ரூடிரைவர்கள், கூர்மையான இடுக்கி, திருகுகளைப் போட்டுவைக்க அறைகள் உள்ள டப்பா. இவ்வளவுதான் மூலதனம். ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாமல் எதையும் வெளியே எடுக்கக்கூடாது.

முதல் வேலை, சுருண்டிருக்கும் மெயின் ஸ்பிரிங்கின் விசையை மெல்ல இறக்கிவிடுவது. அதை மறந்தால் சக்கரங்கள் தறிகெட்டுச் சுற்றும், பல் போகும். அப்புறம் முட்கள், டயல், பேலன்ஸ் வீல், அதைத் தட்டிவிடும் சின்னக் கவை, கடைசியில் நாலு பல்சக்கரங்கள். பல வாட்ச்களில் ஒரு திருகு மட்டும் தலைகீழாக, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பலம் காட்டினால் உடைந்துவிடும்.

மாட்டும்போது இதே வரிசை தலைகீழாக. சக்கரங்களை மட்டும் முதலில் வைத்து, தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கவை. இரண்டு சுற்று சாவி கொடுத்து இடுக்கியால் லேசாகத் தொட்டால் கவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் 'டக்'கென்று தாவ வேண்டும். கடைசியாக பேலன்ஸ் வீல். சரியாக உட்கார்ந்தால் தானாகவே ஆட ஆரம்பிக்கும்.

அது மணிக்கு 18,000 தடவை துடிக்கிறது. நாளைக்கு 4,32,000. வருஷத்துக்கு 15 கோடியே 76 லட்சம். இத்தனைக்கும் 17 கல்லும் சில சொட்டு எண்ணெயும்தான் ஆதாரம். நாளைக்கு 30 விநாடி தப்பினாலும் பத்தாயிரம் ரூபாய்க்கு மூன்றரை ரூபாய் வித்தியாசம்தான். எங்கள் கேஷ் கவுண்டரில் அதைக்கூட விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்!

திறந்து பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஜனதா, பைலட் என்று பெயர்தான் வேறு, உள்ளே ஓடுவது ஒரே குடும்பத்து இயந்திரம். அதனால் ஒன்றின் சாமான் இன்னொன்றுக்குச் சேரும். சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கண்ணாடிப் பெட்டி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கூட இந்த ஒரு இயந்திரத்தைப் படித்துக்கொண்டால் ஊரில் பாதிப்பேர் வாட்ச்சைச் சரி செய்துவிடலாம். ஒரு அரசாங்க கம்பெனி வாட்ச்சோடு சேர்த்து ஊர் ஊருக்கு ஒரு தொழிலையும் உண்டாக்கிவிட்டது.

1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானில் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. நம் பக்கம் அந்த அலை வர இன்னும் கொஞ்ச காலம் ஆனது. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி ஓசூரில் தொழிற்சாலை கட்டினார்கள். பேட்டரி வாட்ச்சுக்குத் தினசரி சாவி வேண்டாம், நேரமும் துல்லியம், பார்க்கவும் அழகு. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்யத்தான் செய்தது, ஆனால் சந்தையைப் பிடிக்க முடியவில்லை. வருஷக்கணக்கில் நஷ்டம் ஏறி, 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

நஷ்டத்தில் ஓடும் கம்பெனியை மூடுவது கணக்குப்படி சரிதான், வங்கிக்காரனாக எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் பழுது பார்க்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கை இருந்ததே, அது எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் சொத்தாக ஏறவில்லை. அதனால் போனபோது நஷ்டமாகவும் எழுதப்படவில்லை.

இப்போது இன்டர்நெட்டில் பளபளவென்று நீலம், சிவப்பு டயலோடு 'பழைய எச்.எம்.டி.' நிறைய விற்பனைக்கு வருகிறது. உஷார். அவற்றில் பல, இரண்டு மூன்று வாட்ச்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்து டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தவை. உள்ளே ஓடுவது நிஜ எச்.எம்.டி.யாகவே இருக்கலாம். சாமான்கள் சுலபமாகச் சேரும் என்ற அதே நல்ல குணம்தான் இந்த வியாபாரத்துக்கும் வழி விட்டது.

இதனால்தான் வீட்டில் இருக்கும் வாட்ச் முக்கியம். நான் இருக்கும் ஊரில் ஒரு கடையில் கேட்டேன். சர்வீஸ் செய்யச் சொன்ன கூலியில் நாலு புது வாட்ச் வாங்கலாம். "தூக்கிப் போடுங்கள்" என்று இலவச ஆலோசனை வேறு. போடாதீர்கள். நிறம் மங்கிய டயலை மாற்றவும் விடாதீர்கள். அது வெயிலில் மங்கியது உங்கள் அப்பாவின் கையில் இருந்தபோதுதான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, இன்னும் கடை வைத்திருக்கும் பெரியவர் யாரையாவது விசாரித்துப் பிடியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பின்மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளையும் காட்டிப் பார்க்க வையுங்கள். சர்வீஸ் செய்தவர்கள் மூடியின் உட்புறத்தில் தேதியைக் கீறி வைப்பது உண்டு. இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். யார் வாங்கியது, எந்த வருஷம், எந்த ஊரில், முதல் சம்பளத்திலா கல்யாணத்துக்கா என்று ஒரு சீட்டில் எழுதி வாட்ச்சோடு டப்பாவில் போட்டு வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவது நல்லது.