சொத்து வரி (சென்னை)

எல்லைக்குள் உள்ள கட்டடங்களுக்கும் காலிமனைகளுக்கும் பெருநகர சென்னை மாநகராட்சி விதிக்கும் வரி. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தப்படுகிறது. மாநகராட்சியின் சொந்த வருவாயில் இதுவே முதன்மையானது.

வீட்டை விற்றால் என்ன விலை போகும் என்று மாநகராட்சி பார்ப்பதில்லை. வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிடுகிறது. இதற்கு ஆண்டு வாடகை மதிப்பு என்று பெயர். ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று அடிப்படைக் கட்டணம் உண்டு. அதைக் கட்டடப் பரப்பால் பெருக்கி, குடியிருப்பா கடையா, உரிமையாளரே வசிக்கிறாரா, கட்டடத்தின் வயது என்ன என்பவற்றுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் மதிப்பை முடிவு செய்கிறார்கள். அதில் குறிப்பிட்ட விழுக்காடு வரியாகிறது. இதனுடன் நூலக வரியும் வசூலாகிறது. அது மாநகராட்சியின் பணமன்று; நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட வேண்டியது.

வரி உயர்வால் எழும் கசப்புக்கு விழுக்காட்டைவிட நெடுங்காலத் தேக்கமே காரணம். சென்னையில் 1998-இல் நடந்த பொதுச் சீராய்வுக்குப் பின் 2018-இல் அறிவித்த உயர்வு மறு ஆண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. இடையில் 2011-இல் மாநகரின் பரப்பு 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆனது. கடைசியில் 2022-இல் மொத்தமாக உயர்ந்தது: பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 விழுக்காடு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டிவந்த 1,000 சதுர அடி வீட்டுக்கு 3,500 ரூபாய் என்று கேட்பு வந்தது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏற்றியிருந்தால் எந்தக் குடும்பமும் இப்படித் திணறியிருக்காது. 2024 முதல் ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்த்தும் முறை வந்துள்ளது.

அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய். அதாவது 3,500 ரூபாய்க்கு 175 ரூபாய் மிச்சம். தாமதித்தால் மாதம் 1 விழுக்காடு தனிவட்டி. இணையத்திலும், மண்டல அலுவலகத்திலும், வரி வசூலிப்பவரிடமும் கட்டலாம்.

வரி ரசீது உரிமைச் சான்றாகாது. வீடு வாங்கியவர் பத்திரப் பதிவோடு நின்றுவிடாமல், வரிவிதிப்பில் பெயர் மாற்றம் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் கேட்பு பழைய உரிமையாளர் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும்.