உதகையின் பழங்கட்டடங்கள்: வடிவமும் உத்தரமும்

ஒரு நகரின் வரலாற்றை ஏடுகளில் படிக்கலாம். அதன் தெருக்களில் நடந்து சுவரிலும் கூரையிலும் சாளரத்திலும் படிக்கலாம். உதகமண்டலம் இந்த இரண்டாம் வகைப் படிப்புக்கு மிகவும் ஏற்ற ஊர். சேரிங்கிராஸ் சந்திப்பில் தொடங்கி மேட்டேறிக் கல் பங்களா வரை செல்பவர் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சிற்றூர் ஒன்றினுள் புகுந்துவிட்டதாக எண்ணுவார். கூர்மாடச் சாளரங்கள், செங்குத்தான கூரைகள், புகைபோக்கிகள், சதுரக் கோபுரம் கொண்ட தேவாலயம் என யாவும் அவ்வெண்ணத்துக்கு இடம் தருகின்றன. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வடிவம் கதையின் பாதிதான். மறுபாதி அந்த வடிவத்தைத் தாங்கும் மரத்திலும் கல்லிலும் நிலத்திலும் உள்ளது.

முதலில் பெயரைப் பார்ப்போம். இலண்டனின் சேரிங்கிராஸ், 1290இல் மறைந்த எலினோர் அரசிக்காக முதலாம் எட்வர்டு மன்னர் எழுப்பிய நினைவுச் சிலுவையால் பெயர் பெற்றது. அதன் பெயரைத் தாங்கிய உதகைச் சந்திப்பிலும் ஒரு நினைவுச் சின்னமே நிற்கின்றது. சென்னை ஆளுநராகப் பதவியேற்று ஓராண்டும் நிறைவுறாமல் 1881இல் உதகையிலேயே காலமான வில்லியம் பாட்ரிக் ஆடம் என்பாருக்காக 1886இல் அமைக்கப்பட்ட நீரூற்று அது. ஊர்ப்பெயரைக் கடன் வாங்கியவர்கள் துயரத்தைக் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை.

மேட்டிலுள்ள கல் பங்களா கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கியது. உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய இல்லம் அதுவே. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரும் அதே பொருளுடையது. அதற்குரிய நிலத்தைச் சல்லிவன் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் விலைக்குப் பெற்றார் என்பர். பிற்காலத்தில் இம்மலை நிலத்தின் மீது தோடர்க்கு முழு உரிமை உண்டு என்று வாதிட்டவரும் அதே சல்லிவன்தான். ஒரு மனிதரின் வாழ்வில் இவ்விரண்டும் சேர்ந்திருப்பதை வரலாறு படிப்போர் மறத்தலாகாது.

அருகிலுள்ள தூய ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829 ஏப்ரல் 23 அன்று கால்கோள் நடந்தது. கட்டட அமைப்பை வகுத்தவர் கேப்டன் அண்டர்வுட். 1830 நவம்பரில் கல்கத்தாப் பேராயர் டர்னர் அதனை அர்ப்பணம் செய்தார். வெளியே இளமஞ்சள் சுவரும் கோபுரமும் இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கோயிலை நினைவூட்டும். உள்ளே சென்று அண்ணாந்து பார்த்தால் வேறொரு வரலாறு தெரியும். அங்குள்ள பெருந்தேக்கு உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் மஹால் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. திப்பு வீழ்ந்தது 1799இல். நீலகிரி கும்பினியார் வசமானதும் அதே ஆண்டில், அதே வெற்றியினால்தான். ஆக, மலையைத் தந்த போரே மலைமேல் கட்டிய ஆலயத்துக்கு மரத்தையும் தந்தது. ஆலயத்தின் பின்னுள்ள கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவி ஹென்றியெட்டா துயில்கிறார். வென்றவர்களும் இம்மண்ணில் இழந்தார்கள் என்பதற்கு அக்கல் சான்று.

இனி நீலகிரி நூலகம். 1859இல் நிறுவப்பட்ட இதற்குக் கட்டடம் வரைந்தவர் இராபர்ட் சிசோம். சென்னைக் கடற்கரையில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டியபோது மாடங்களிலும் கவிகைகளிலும் கீழை மரபுகளைக் கலந்தவர் அவர். உதகையில் கூர்வளைவுச் சாளரத்தையே கைக்கொண்டார். ஊர் மாறினால் நடை மாறும் என்பது கவிஞர்க்குப் புதிதன்று.

சிறிய வீடுகளிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கூரையின் சரிவு தென்மேற்கு, வடகிழக்கு என இருபருவ மழையும் தங்காமல் வழிவதற்காக. சுவரினின்று வெளியே பிதுங்கிய கண்ணாடிச் சாளரம் குளிர்ப் பகலின் வெயிலை அறைக்குள் வாங்குவதற்காக. இறவாணத்தில் பூவேலை செய்த மரப்பலகை அழகுக்கு என்று தோன்றினும், விளிம்பை மழையினின்று காக்கவும் உதவும். அழகும் பயனும் ஒன்றாய் நிற்கும் இடங்கள் இவை.

ஆயினும் உதகையின் முதற்கட்டடக்கலை இவற்றுள் எதுவும் அன்று. தாவரவியல் பூங்காவின் மேற்புறத்தில் தோடர் மந்து ஒன்று உள்ளது. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து, புல் வேய்ந்து, தவழ்ந்தே நுழையத்தக்க சிறு வாயிலுடன் அமைக்கும் தோடர் இல்லம் காற்றையும் மழையையும் பனியையும் சல்லிவன் வருவதற்கு நெடுங்காலம் முன்பே வென்றது. ஊரின் பெயரே 'மந்து' என்ற சொல்லை உள்ளடக்கியது. ஒற்றைக்கல் மந்து என்பதன் திரிபே உதகமண்டலம் என்பாரும் உளர்.

கவிஞர் கூடும் வட்டத்தில் இவற்றைச் சொல்லக் காரணம் உண்டு. வசன கவிதையும் சிறுகதையும் நாவலும் கடல் கடந்து வந்த வடிவங்களே. அவை தமிழாயின, எதனால்? இம்மண்ணின் உத்தரத்தை உள்ளே தாங்கியதனால். கட்டடத்துக்கும் அது பொருந்தும். முகப்பை மட்டும் கண்டு 'அந்நியருடையது' என்று ஒதுக்குவதும், 'அழகிய இங்கிலாந்து' என்று மயங்குவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இரண்டிலும் கல் உடைத்தவர், மரம் சுமந்தவர், நிலம் கொடுத்தவர் மறைந்துபோகின்றனர்.

கல்வெட்டில் ஆளுநர் பெயரும் பொறியாளர் பெயரும் உள்ளன. கொத்தர் பெயர் இல்லை. பழைய வீடுகள் இடிபடும்போது அவற்றைப் பற்றிய வாய்மொழிச் செய்திகளும் உடன் இடிபடுகின்றன. நம் வட்டத்து அன்பர் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள ஒரு பழங்கட்டடத்தைத் தேர்ந்து, அதைப் பற்றி முதியோர் சொல்வதைக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வைத்தால், அடுத்த பத்தாண்டு மலருக்கு அதைவிடச் சிறந்த காணிக்கை வேறில்லை.