கோமளத்தம்மாள் கண்ட கனவு

"இங்கிலாந்துக்கு வருவீர்களா?"

கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் நெவில், கணித மேதை ராமானுஜனிடம் இப்படிக் கேட்டதும் போன வாரம் நிறுத்திவிட்டோம். வாரம் முழுக்கக் காத்திருந்தீர்கள். இதோ பதில்.

"வருகிறேன்" என்றார் ராமானுஜன்.

நெவில் அசந்துபோனார். எப்படியாவது பேசி மனத்தைக் கரைக்க வேண்டும் என்றல்லவா சக கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி சொல்லி அனுப்பியிருந்தார்? போன வருஷம் மறுத்த மனிதர் இப்போது எப்படி இசைந்தார்?

அந்த முடிவு விளைந்தது திருவல்லிக்கேணி வீட்டில்.

இன்று ஓசூரில் எத்தனையோ வீடுகள் பெட்டியும் கையுமாகப் பெங்களூரு விமான நிலையம் போய்ப் பிள்ளையை வழியனுப்புகின்றன. அந்தத் தாய்மார்களுக்கு ராமானுஜனின் தாய் கோமளத்தம்மாளின் கலக்கம் புரியும். ஆனால் அவருக்குப் பிரிவு மட்டுமா கவலை? கடல் தாண்டினால் சாதிப் பிரஷ்டம். திரும்பி வந்த பிள்ளையை நாளை நல்லது கெட்டதுக்கு யார் அழைப்பார்கள்? அவர் மறுத்ததில் எனக்கு வியப்பே இல்லை.

தாய் சம்மதிக்காமல் மகன் நகர மாட்டார். தாயோ குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் உத்தரவில்லாமல் அசைய மாட்டார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் நாமக்கல்லும் ஒரே சேலம் மாவட்டமாக இருந்த காலம் உண்டு. அந்த நாமக்கல் தாயாரிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை இவர்.

ஒருநாள் காலை கோமளத்தம்மாள் தாம் கண்ட கனவைச் சொன்னாராம். வெள்ளைக்காரர்கள் சூழ மகன் அமர்ந்திருக்கிறான். தாயார் தோன்றுகிறாள்.

"உன் பிள்ளைக்குக் குறுக்கே நிற்காதே!"

அவ்வளவுதான். வீடு இறங்கி வந்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. ராமானுஜன் முதலில் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? அதிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்துப் பெற்றோர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக அவர் வாங்கிய சம்பளமே 30 ரூபாய்தான்!

மனைவி ஜானகி தானும் வருவதாகச் சொன்னார். சின்னப் பெண். ராமானுஜன் வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசியில் குடுமி.

அதை எடுத்தாக வேண்டும். கோட்டும் ஷூவும் போட்டாக வேண்டும். அந்தக் கோலத்தில் அம்மா தன்னைப் பார்க்கக் கூடாது. தாயையும் மனைவியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பினார். அதன் பிறகே தலையில் கத்தி பட்டது. சூத்திரங்களை விடுங்கள், இந்த ஒரு செயல் போதும் எனக்கு, அவர் யாரென்று அறிய.

1914 மார்ச் 17. பேரேடு எழுதிய அதே துறைமுகத்திலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு 'நெவாஸா' கப்பல் கிளம்பியது. கேம்பிரிட்ஜிலும் அவர் மரக்கறியை விடவில்லை. அறையில் தானே சமைத்துக்கொண்டார்.

ஜானகி கடிதங்கள் எழுதினார். அவை கணவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

கடிதங்களை மறித்தது வெள்ளைக்காரனுமல்ல, முதல் உலகப் போருமல்ல. கும்பகோணத்து வீட்டுக்குள்ளேயே ஒரு கை!

யாருடைய கை?

(அடுத்த வாரம்)