பெர்மாவின் ஆறாவது எண்

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். பகா எண்களையே தவறாமல் தரவல்ல விதி ஒன்று கிட்டாதா என்பது கணித அறிஞர்களின் நெடுநாள் வேட்கை. அவ்வேட்கையின் வரலாற்றில் தனியிடம் பெற்றது 4294967297 என்னும் எண். அதாவது, 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297.

பிரெஞ்சு நாட்டுத் துலூஸ் நகரில் நீதித்துறையில் அலுவல் பார்த்தவர் பெர்மா. ஓய்வு நேரத்தில் எண்களை ஆராய்ந்து அழியாப் புகழ் பெற்றவர். அவர் 2இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளைக் கண்டு, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினார். 3, 5, 17, 257, 65537 என்னும் எண்கள் வந்தன. ஐந்தும் பகா எண்களே. இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே எனத் தாம் நம்புவதாக 1640ஆம் ஆண்டில் கடிதம் எழுதினார். முறையான நிறுவல் தமக்குக் கைவரவில்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

வரிசையில் ஆறாவது, 2இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டிய எண். அதுவே மேலே நாம் கண்ட எண்ணாகும். 1729ஆம் ஆண்டில் கோல்டுபாக் என்னும் அறிஞர், பெர்மாவின் கூற்று மெய்தானா என்று ஆய்லருக்கு எழுதிக் கேட்டார். ஆய்லர் அப்போது இரசிய நாட்டுப் பீட்டர்சுபர்க்கில் பணிபுரிந்த இளைஞர். 1732ஆம் ஆண்டில், தமது இருபத்தைந்தாம் வயதில், அவர் விடை தந்தார்:

4294967297 = 641 × 6700417

பெர்மாவின் கூற்று வீழ்ந்தது.

இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடங்குகின்றன. ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிட்டிவிடுகிறது!

வகுக்காமலும் இதனை மெய்ப்பிக்கலாம். 641 என்பது 625 + 16. அதுவே 640 + 1. முதலாவதை 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்குக. 625 என்பது 5இன் நான்காம் அடுக்கு. 640 என்பது 5 × 128. ஆதலின் பெருக்கத் தொகை, 640இன் நான்காம் அடுக்கோடு 2இன் 32ஆம் அடுக்கைக் கூட்டியதாகும். இத்தொகை 641ஆல் வகுபடும். 640இன் நான்காம் அடுக்கில் 1 குறைத்தாலும், அதுவும் 640 + 1 ஆகிய 641ஆல் வகுபடும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் எஞ்சுவது 2இன் 32ஆம் அடுக்கும் 1உம். ஆகவே அதுவும் 641ஆல் வகுபடும்.

1880ஆம் ஆண்டில் லாந்திரி என்பவர், ஏழாவது எண்ணை 274177 வகுக்கும் எனக் கண்டார். முதல் ஐந்துக்குப் பின் இவ்வரிசையில் ஒரு பகா எண்ணேனும் இன்றுவரை கிட்டவில்லை. ஆயினும் பெர்மாவின் உழைப்பு வீண்போகவில்லை. கவராயமும் நேர்விளிம்பும் மட்டுங்கொண்டு 17 பக்கச் சமபக்க உருவத்தை வரைய இயலும் என்று 1796ஆம் ஆண்டில் காஸ் நிறுவியது இவ்வரிசையின் 17ஐக் கொண்டேயாம்.

ஐந்து எடுத்துக்காட்டுகள் ஒத்துவந்தால் விதி உறுதியாயிற்று என மாணவர் எண்ணுவது இயல்பு. நாமும் நேரம் கருதி அவ்வாறே விட்டுவிடுகிறோம். ஆசிரியரோ நூலோ சொல்லிவிட்டால் போதும் என்று பழகிய பிள்ளை, பிற்காலத்தில் எவர் சொல்லையும் ஆராயாது ஏற்கும். இவ்வெண்ணைக் கரும்பலகையில் எழுதி, 641ஆல் வகுக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையால் இயலும் கணக்கே இது. மீதி பூச்சியம் என்று கண்டபின், பெரியோர் கூற்றையும் சோதித்தறியலாம் என்னும் துணிவு அப்பிள்ளைக்குப் பிறக்கும்.