நிலப் பயன்பாட்டு வலயமாக்கம்

நிலப் பயன்பாட்டு வலயமாக்கம் என்பது ஒரு நகரின் அல்லது ஊரின் நிலப்பரப்பைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எவ்வகைப் பயன்பாடுகள் அனுமதிக்கப்படும், எவ்வளவு பரப்பில், எவ்வளவு உயரத்துக்குக் கட்டடம் எழுப்பலாம் என்பவற்றைச் சட்டப்படி வரையறுக்கும் முறை ஆகும். இவ்வாறு பிரிக்கப்படும் பகுதி வலயம் எனப்படும். தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் இது 'உபயோகப் பகுதி' என்றும் வழங்கப்படுகிறது. நிலம் யாருக்கு உரியது என்பதை வலயமாக்கம் தீர்மானிப்பதில்லை. அந்நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதையே தீர்மானிக்கிறது.

இக்கட்டுரை வலயமாக்கத்தின் அடிப்படைக் கருத்துருக்களைத் தமிழ்நாட்டுச் சட்டங்களின் வழியே விளக்குகிறது. விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

வரலாறு

செருமனியின் பிராங்க்பர்ட் நகரம் 1891ஆம் ஆண்டில் நகர்ப்பரப்பு முழுவதையும் வலயங்களாகப் பிரித்து விதிகளை வகுத்தது. ஐக்கிய அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 1916இல் இம்முறையைக் கொண்டுவந்தது. தனியார் நிலத்தின் மீது இத்தகைய கட்டுப்பாடு செல்லும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926ஆம் ஆண்டில் யூக்ளிட் வழக்கில் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் பம்பாய் நகரத் திட்டச் சட்டம் 1915இலும், சென்னை மாகாணத்தின் நகரத் திட்டச் சட்டம் 1920இலும் இயற்றப்பட்டன. பின்னதற்குப் பதிலாக வந்ததே இன்று நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 ஆகும். இந்திய அரசியலமைப்பில் நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தம் நகரத் திட்டமிடலையும் நிலப் பயன்பாட்டு ஒழுங்குமுறையையும் நகராட்சிகளுக்கு அளிக்கத்தக்க பணிகளாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்தது.

அடிப்படைக் கருத்துருக்கள்

முழுமைத் திட்டம்: ஒரு திட்டப் பகுதி முழுவதற்கும் நிலப் பயன்பாட்டை வகுக்கும் ஆவணம். குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை முதலிய உபயோகப் பகுதிகள் இதன் வரைபடத்தில் வெவ்வேறு நிறங்களில் காட்டப்படும்.

விரிவு அபிவிருத்தித் திட்டம்: நகரின் ஒரு சிறு பகுதிக்குத் தெரு, மனை அளவில் வகுக்கப்படும் திட்டம்.

திட்ட அனுமதி: கட்டடம் கட்டவோ நிலத்தை மனைகளாகப் பிரிக்கவோ முன்கூட்டியே பெறவேண்டிய அனுமதி. 2024 சூலை முதல் 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்குச் சுயசான்று முறையில் அனுமதி பெறலாம்.

தளப்பரப்புக் குறியீடு: எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுக்கக் கிடைக்கும் எண். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி உயரமல்லாத கட்டடங்களுக்கு இது பொதுவாக 2 ஆகும். அதாவது 1,000 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 2,000 சதுர அடி வரை கட்டலாம்.

திறந்தவெளி ஒதுக்கீடு: 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுப்பயனுக்கு ஒதுக்குதல்.

நில உபயோக மாற்றம்: ஒரு வலயத்துக்கு உரிய நிலத்தை வேறு வலயத்துக்கு மாற்றுதல்.

நிர்வாக அமைப்பு

சென்னைப் பெருநகர்ப் பகுதியில் இப்பணியைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மேற்கொள்கிறது. மாநிலத்தின் பிற பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன் கீழான உள்ளூர்த் திட்டக் குழுமங்களும் பொறுப்பாகும். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள சிற்றூர்களுக்கு வலய வரைபடம் இருப்பதில்லை. அங்கு வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கான விதிகள் 2017இல் வெளியிடப்பட்டன. நன்செய் நிலத்துக்கு இவற்றில் கட்டுப்பாடு கூடுதலாகும்.

வருவாய்த்துறை வகைப்பாடு

வலய வரைபடம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நிலம் வகைப்படுத்தப்பட்டிருந்தது. வரி விதிப்பதற்காக எழுந்த இவ்வகைப்பாடு வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டில் புல எண் வாரியாகக் காணப்படும். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் பெரும்பகுதி சமீன்தாரி நிலமாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே அங்கு இரயத்துவாரி முறை பரவியது. முதன்மையான வகைகள் வருமாறு:

நன்செய்: பாசன வசதி உள்ள நிலம். இவ்வட்டாரத்தில் இது பெரும்பாலும் கண்மாய் மடைக்குக் கீழ் அமைந்த ஆயக்கட்டு ஆகும்.
புன்செய்: மழையை நம்பிய நிலம். கரிசல் காடுகள் இதில் அடங்கும்.
நத்தம்: ஊர்க் குடியிருப்புக்கென விடப்பட்ட நிலம்.
புறம்போக்கு: வரி விதிக்கப்படாத பொது நிலம். கண்மாய், ஓடை, மேய்க்கால், களம், மயானம், பாதை முதலியன இதன் உட்பிரிவுகள்.

இவ்வகைப்பாடும் வலயமாக்கமும் ஒன்றல்ல. புன்செய் நிலத்துக்குப் பட்டா இருப்பது அதில் வீடு கட்டும் அனுமதி ஆகாது. அதுபோலவே, வரைபடத்தில் குடியிருப்புப் பகுதி எனக் காட்டப்பட்டிருப்பது ஒருவருக்கு நில உரிமையைத் தந்துவிடாது. மனை வாங்குவோர் இவ்விரண்டையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டியுள்ளது.

மானாவாரி நிலமும் கண்மாய்களும்

திருச்சுழி குண்டாற்றின் கரையில் அமைந்த ஊர். இங்கு வேளாண்மை வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது. காட்டில் பெய்யும் மழை ஓடைகளிலும் வரத்துக்கால்களிலும் வழிந்து கண்மாயை அடைகிறது. ஒரு கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியாக வெளியேறும் மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. 40 எக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன.

நீர்நிலைகளைக் காக்கச் சட்டங்கள் உண்டு. நீர்நிலைகளை மீட்டுப் பேணவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2001இல் இஞ்ச் லால் திவாரி வழக்கிலும், ஊர்ப் பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்றவேண்டும் என 2011இல் ஜக்பால் சிங் வழக்கிலும் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது.

எனினும் இச்சட்டங்கள் நீர்நிலை எனப் பதிவான பரப்பையே காக்கின்றன. கண்மாய்க்கு நீர் வந்து சேரும் மேட்டு நிலத்தின் பெரும்பகுதி தனியார் பட்டாவில் உள்ள புன்செய் ஆகும். நன்செய்க்கு உள்ள கூடுதல் காப்பு அதற்கு இல்லை. அந்நிலம் மேடாக்கப்பட்டு, குறுக்கே மண் சாலை போடப்பட்டு மனைகளாகும்போது, கண்மாயின் ஒரு புல எண்ணில்கூட ஆக்கிரமிப்பு நிகழாமலேயே வரத்து தடைப்படலாம். அதன் விளைவு கீழேயுள்ள ஆயக்கட்டிலும் அடுத்த கண்மாயிலும் தெரியும். பயிரிடப்படாமல் சீமைக் கருவேலம் படர்ந்த தரிசு, மதிப்பற்ற நிலமாகத் தோன்றுவதால் விற்பனைக்கு எளிதில் வருகிறது. மழை நீர் ஓடிச் சேரும் பரப்பு என்னும் அதன் பயன் எப்பதிவேட்டிலும் குறிக்கப்படுவதில்லை. மானாவாரி வட்டாரங்களில் புல எண் வாரியான வகைப்பாட்டின் முதன்மையான குறைபாடு இதுவாகும்.

அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகள்

அனுமதி பெறாமல் வேளாண் நிலத்தைப் பிரித்து விற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அந்நாள் வரை விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017 மே மாதம் வெளியாயின. வரன்முறைப்படுத்தல் மனைக்குச் சட்டத் தகுதியைத் தருகிறது. ஆனால் விடப்படாத பூங்காவையோ அடைபட்ட ஓடையையோ அதனால் மீட்டுத் தர இயலாது.

மனை வாங்குமுன் பார்க்கப்படும் ஆவணங்கள்

பட்டா, சிட்டா: நிலம் யார் பெயரில் உள்ளது என்பது.
'அ' பதிவேடு: நிலத்தின் வகை, அது புறம்போக்கா என்பது.
புலப்படம்: எல்லைகள், அளவுகள், ஓடையோ பாதையோ நிலத்தின் ஊடே செல்கிறதா என்பது.
வில்லங்கச் சான்று: முந்தைய விற்பனை, அடமானம் பற்றிய பதிவுகள்.
மனைப்பிரிவு ஒப்புதல்: திட்ட அமைப்பு அளித்த எண்ணும் ஒப்புதல் பெற்ற வரைபடமும்.

விமர்சனங்கள்

வீட்டையும் தொழிலையும் கண்டிப்பாகப் பிரிக்கும் வலயமாக்கம் எல்லா ஊர்களுக்கும் பொருந்துவதில்லை என்னும் கருத்து உண்டு. நெசவுக்குப் பெயர்பெற்ற அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் வீடே தறிக்கூடமாகவும் விளங்கிவந்துள்ளது. இத்தகைய நிலைக்கு இடமளிக்கவே கலப்புக் குடியிருப்பு என்னும் வலயம் ஏற்படுத்தப்பட்டது. கட்டுப்பாடுகள் மனை விலையை உயர்த்தி எளியோரை அங்கீகாரமற்ற மனைகளை நோக்கித் தள்ளுகின்றன என்பது மற்றொரு விமர்சனம். கட்டுப்பாடு தளரும் இடங்களில் சாலை, வடிகால், குடிநீர் ஆகியவற்றின் செலவு பின்னர் உள்ளாட்சியின் மீதே விழுகிறது என்பது இதற்கு அளிக்கப்படும் மறுமொழி ஆகும்.