வேலையில் இழந்த கைக்கு ஈடு: 1923 சட்டத்தின் வரலாறு

வேலை செய்யும் இடத்தில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி நஷ்டஈடு கொடுத்தே ஆகவேண்டும் என்ற பொறுப்பு, இந்தியாவில் 1923இல் நிறைவேறி 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் தொடங்குகிறது. அதற்கு முன் வேலையில் ஒருவர் இறந்துபோனால், 1855ஆம் ஆண்டின் உயிர்ச்சேத விபத்துச் சட்டத்தின்படி அவர் குடும்பம் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, முதலாளியின் தவறே சாவுக்குக் காரணம் என்று நிரூபிக்க வேண்டும். தவறு சக தொழிலாளியுடையது, ஆபத்து தெரிந்தேதான் வேலைக்கு வந்தான் என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் வளர்த்துவிட்ட எதிர்வாதங்களும் முதலாளிக்குக் கைகொடுத்தன. மில் தொழிலாளியின் மனைவி வக்கீல் வைத்து இவற்றையெல்லாம் மறுத்து ஜெயிப்பது நடக்கக்கூடிய காரியம் அல்ல.

1923 சட்டம் கேட்கும் கேள்வியையே மாற்றியது. தவறு யாருடையது என்பது பின்னுக்குப் போய், விபத்து வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்ததா என்பதே முக்கியமாயிற்று. விசாரிக்கத் தனி ஆணையர் வந்தார். நஷ்டஈடு வேண்டாம் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. காண்ட்ராக்டரின் ஆளாக இருந்தாலும் வேலையைக் கொடுத்த முதலாளி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. சாவுக்கான பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கை முடிக்காமல் ஆணையரிடம் கட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத விதவையிடம் சொற்பத் தொகைக்குக் கைநாட்டு வாங்க இடம் தராத இந்த விதிதான் சட்டத்திலேயே மிகுந்த அக்கறையோடு எழுதப்பட்டது.

தொகைதான் மிகக் குறைவு. இறந்தால் 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், நிரந்தரமாக முழு ஊனமானால் 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய். இரண்டில் எது குறைவோ அது. உறுப்பு இழப்புக்கு ஓர் அட்டவணை இருந்தது: முழங்கைக்கு மேல் வலது கை போனால் 70 சதவீதம், இடது கைக்கு 60, ஒரு கண்ணுக்கு 30, கட்டைவிரலுக்கு 25, ஆள்காட்டி விரலுக்கு 10. மாதம் 20 ரூபாய் வாங்கியவர் கட்டைவிரலை இழந்தால் 210 ரூபாய் கிடைக்கும். அது பத்தரை மாதச் சம்பளம். முதல் 10 நாள் ஓய்வுக்கு எதுவும் இல்லை.

விட்லி தலைமையிலான தொழிலாளர் ராயல் கமிஷன் 1931இல் அறிக்கை தந்ததும், 1933இல் பெரிய திருத்தம் வந்தது. அந்தப் 10 நாள் 7 ஆயிற்று. 1959இல் 3 ஆகக் குறைந்தது. குடித்திருந்தான், விதியை மீறினான் என்ற சாக்கு, தொழிலாளி இறந்த வழக்குகளில் எடுபடாது என்றும் 1933 திருத்தம் சொன்னது. 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (இ.எஸ்.ஐ.) பிறந்து, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியபின், காப்பீடு பெற்ற ஆலைத் தொழிலாளர்கள் அந்த வழிக்குப் போனார்கள். கட்டட வேலை, லாரி, கல் குவாரி என்று அதற்கு வெளியே நின்றவர்களுக்குப் பழைய சட்டமே கதி.

இழுத்தடிப்பைத் தடுக்க 1959இல் வட்டியும் 50 சதவீதம் வரை அபராதமும் சேர்ந்தன. ஆனால் பணம் எந்த நாளிலிருந்து பாக்கி? இதற்கு விடை ஒரு தச்சரின் வழக்கில் கிடைத்தது. 1968இல் ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தவர் கீழே விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி இது பகுதி ஊனம்தானே என்றார் முதலாளி. ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே சம்பாதிக்கும் திறன் முழுவதும் போய்விட்டது என்று ஆணையர் முடிவு செய்தார். 1975இல் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அதை ஏற்றதோடு, விபத்து நடந்த நாளிலேயே பணம் பாக்கியாகிவிடுகிறது என்றும் தீர்த்தார்கள். அதற்குப் பிறகும் 2007இல் வேறொரு தீர்ப்பு, ஆணையர் முடிவு செய்யும் நாளிலிருந்துதான் வட்டி என்று சொல்லிக் குழப்பியது. 2012இல்தான் 1975 தீர்ப்பே செல்லும் என்று தெளிவாயிற்று.

1984இல் வயது கணக்கில் சேர்ந்தது. இறந்தவரின் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை, 1995 முதல் பாதியை, வயதுக்குரிய எண்ணால் பெருக்குவார்கள். 16 வயதுக்கு 228.54, 65க்கு 99.37. முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாமல் அவ்வப்போது கூப்பிட்ட ஆட்களை விலக்கிவைத்த வாசகம் 2000இல் நீங்கியது. 2009 திருத்தம் மருத்துவச் செலவைச் சேர்த்து, மூன்று மாதத்தில் வழக்கை முடிக்கச் சொன்னது.

கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு மட்டும் உச்சவரம்பு நின்றது. 2010இல் வைத்த 8,000 ரூபாய் 2020 ஜனவரி வரை அசையவில்லை. பிறகு 15,000 ஆயிற்று. 30 வயதுக்கான எண் 207.98 என்பதால், அந்த வயதில் இறந்தவர் மாதம் 15,000 வாங்கியிருந்தாலும் 30,000 வாங்கியிருந்தாலும் குடும்பத்துக்கு வருவது 15,59,850 ரூபாய். விலைவாசியோடு தானாக உயராத இந்த வரம்புதான் சட்டத்தின் பெரிய அநீதி.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 1923 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்பு உண்டென்று காட்டப்பட்டால், இப்போது நஷ்டஈட்டுக்கு உரியது. சம்பள வரம்பை அறிவிப்பாணை மூலம் வைக்கும் அதிகாரம் பழையபடி மத்திய அரசிடமே இருக்கிறது.