‘ஃபீட் கிரேடு’ என்னும் அடைமொழி: வைட்டமின் ஈ50 தூளும் சுங்கத் தலைப்பும்

1999 ஆகஸ்ட் 19 தேதியிட்ட, 8207ஆம் எண் பில் ஆஃப் என்ட்ரியில் சரக்கின் பெயர் ‘வைட்டமின் ஈ50 தூள் (ஃபீட் கிரேடு)’. இறக்குமதியாளர் அதை இறால் தீவனம் அடங்கும் 2309.90இல் வைத்து, 20/1999 அறிவிக்கைப்படி 5 சதவீத வரி கோரினார். சுங்கத்துறையோ இது தீவனம் அல்ல, தீவனத்தில் சேரும் வேதிப்பொருள் என்று 29ஆம் அத்தியாயத்துக்குக் கொண்டுபோனது. அங்கே வரி 30 சதவீதம். மேல்முறையீட்டு ஆணையரும் தீர்ப்பாயமும் இறக்குமதியாளர் பக்கம் நின்றதற்குக் காரணம், உச்ச நீதிமன்றத்தின் 1997ஆம் ஆண்டு சன் எக்ஸ்போர்ட் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின் வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

அங்கே சரக்கு வைட்டமின் ஏடி3 கலவை. அதுவும் ஃபீட் கிரேடு. 234/82 கலால் அறிவிக்கை ‘கால்நடைத் தீவனம்’ என்றே விலக்கு அளித்தது. ‘தீவனத் துணைப்பொருள்’ என்ற சொல் 1984 திருத்தத்தில்தான் நுழைந்தது. நீதிமன்றம் அத்திருத்தத்தை வெறும் விளக்கமாகக் கொண்டு, முந்தைய சொல்லுக்குள்ளேயே துணைப்பொருளும் இருந்ததாகப் படித்தது. இரு பொருள் தோன்றினால் வரி செலுத்துபவருக்குச் சாதகமானதையே கொள்ள வேண்டும் என்றும் சேர்த்தது. பின்னால் சேர்த்த சொல் சில வேளை விளக்கமாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தீவனத்தில் கலப்பதெல்லாம் தீவனம் என்றால், துணைப்பொருளைத் தனியே சொல்லவேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? அதைவிடப் பெரிய பிழை, சரக்கு எது என்ற கேள்வியையும் சலுகை உண்டா என்ற கேள்வியையும் ஒன்றாக்கியது. ஐயம் சலுகையின் சொற்களில் எழுந்தது. அதைத் தீர்த்த விதியோ சரக்கின் இயல்பையே முடிவுசெய்வதுபோலப் பின்னர் கையாளப்பட்டது.

‘ஃபீட் கிரேடு’ என்பது தரத்தின் பெயர். அதே வைட்டமின் மருந்துத் தரத்திலும் வருகிறது. தரம் மாறினால் வாங்குபவரும் தூய்மை வரம்பும் மாறலாம், மூலக்கூறு மாறாது. வைட்டமின்களுக்கு 29ஆம் அத்தியாயத்தில் 2936 என்ற தனித் தலைப்பே உண்டு. சிலிக்கா போன்ற தாங்கியில் உறிஞ்சவைத்த வைட்டமினையும், தாங்கியின் அளவு பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் வேண்டிய அளவை மீறாதவரை, சுங்கத் தலைப்புகளுக்கான இணக்க முறையின் விளக்கக் குறிப்புகள் அங்கேயே வைக்கின்றன. அந்தச் சேர்க்கை, பொதுப் பயனைவிட ஒரு குறிப்பிட்ட பயனுக்கே வைட்டமினை உகந்ததாக்கிவிடவும் கூடாது.

இங்கேதான் என் வாதமும் மெலிகிறது. வைட்டமின் ஈயின் எண்ணெய் வடிவமான டோகோஃபெரைல் அசிடேட்டை டிரம்மில் அடைத்தும் அனுப்பலாம். பாதிக்குப் பாதி தாங்கி சேர்த்துத் தூளாக்குவது போக்குவரத்துக்காகவா, தீவனத்தோடு சீராகக் கலக்கவா? பின்னதே நோக்கம் என்றால் சரக்கு 2309ஐ நோக்கி நகரும். ஆனாலும் 2309க்குப் போனதாலேயே அது இறால் தீவனமாகிவிடாது. சலுகைக்கு இன்னொரு படி பாக்கி. சன் எக்ஸ்போர்ட் தாண்டிக் குதித்த படி அதுதான்.

2018 ஜூலை 30 அன்று, இந்த ஈ50 சரக்கிலிருந்தே எழுந்த திலீப் குமார் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சன் எக்ஸ்போர்ட்டை நிராகரித்தது. விலக்கு அறிவிக்கையில் ஐயம் எழுந்தால் அரசுக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும். விலக்குக்குத் தகுதியை நிறுவுவது கோருபவர் பொறுப்பு. இத்தீர்ப்பு ஈ50ஐ 29ஆம் அத்தியாயத்தில் உறுதிப்படுத்தியது என்று சொல்வது தவறு. அமர்வு விளக்க விதிக்கு மட்டுமே விடை தந்து, மேல்முறையீட்டின் தகுதியை உரிய அமர்வுக்கு விட்டது. 1999க்குப் பின்னர் வந்த எட்டு இலக்கச் சுங்க அட்டவணை கூட்டுத் தீவனச் செறிவுக்கு 2309 90 20, இறால் தீவனத்துக்கு 2309 90 31 என்று தனித்தனி வரிகள் தந்தது. என் பிரிவினைக்கு அது துணை நிற்கிறது. ஆனால் அதைக் கொண்டு 1999ஆம் ஆண்டுச் சரக்கை அளக்க முடியாது.